ஒத்திகையில் தோற்பதற்கு இடமளிக்க வேண்டும்

விண்வெளிப் பயணங்கள் பற்றிப் பத்திரிகைகளில் வெளிவருகின்ற செய்திகள் பெரும்பாலும் ஏவுதளத்தில் நெருப்பும் புகையும் எழுகின்ற சில நிமிடங்களுடன் ஆரம்பித்து, அந்தச் சில நிமிடங்களுடனேயே முடிந்துவிடுகின்றன. அந்த நிமிடங்களுக்கு முன்னர் பல மாதங்களாக, சில வேளைகளில் பல வருடங்களாக, அதே பயணம் கணினிகளுக்குள் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கப்பட்டிருக்கும் என்பது வாசகர்களின் கவனத்துக்கு வருவது அரிது. ரொக்கெட்டின் பாகங்களை எந்தப் பாரந்தூக்கி எந்தத் திசையில் தூக்க வேண்டும் என்பதிலிருந்து, எரிபொருள் நிரப்பும்போது ஒரு வால்வு மூட மறுத்தால் யார் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பது வரை சகலதும் முன்கூட்டியே மாதிரிகளில் செய்து பார்க்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் சிமியுலேஷன் என்று சொல்லப்படுகின்ற இந்தக் கணினி ஒத்திகை இல்லாமல் இன்று எந்த நாடும் ஒரு விண்கலத்தை ஏவுவதற்குத் துணியாது.

இந்த ஒத்திகையின் அவசியம் குறித்து விவாதிப்பதற்கு எதுவுமில்லை. உண்மையான ரொக்கெட் ஒன்றை உடைத்துப் பார்த்துப் பாடம் படிப்பதற்கு ஆகும் செலவில் ஆயிரக்கணக்கான தடவைகள் கணினிக்குள் உடைத்துப் பார்க்கலாம். விவாதிக்க வேண்டிய விடயம் வேறு. ஒத்திகை நன்றாக முடிந்துவிட்டது என்ற திருப்தி, பயணமும் நன்றாக முடியும் என்ற நம்பிக்கையாக எப்படி மாறிவிடுகிறது என்பதே எமது கவனத்துக்குரியது. கடந்த முப்பது வருடங்களில் நிகழ்ந்த முக்கியமான விண்வெளி விபத்துகள் சிலவற்றின் விசாரணை அறிக்கைகளையும் பொறுப்பானவர்கள் பகிரங்கமாக அளித்த விளக்கங்களையும் வாசிக்கின்றபோது, குற்றம் கணினியில் இருக்கவில்லை, கணினியிடம் கேட்கப்பட்ட கேள்வியில் இருந்தது என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது. நான் பொறியியல் படித்தவன் அல்ல. கலைப்பீடத்தில் படித்துவிட்டுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். ஆனால், விசாரணை அறிக்கைகளை வரிக்கு வரி வாசிப்பது எனது தொழிலின் ஒரு பகுதி. அந்த அறிக்கைகளில் சமன்பாடுகளைவிட மனிதர்களே அதிகமாகத் தென்படுகிறார்கள்.

வெளியே விடப்பட்ட கருவி

முதலில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்தை எடுத்துக்கொள்வோம். 1996 ஜூன் 4 ஆம் திகதி ஐரோப்பாவின் ஏரியான் 5 ரொக்கெட் தனது கன்னிப் பயணத்தில் அங்கிருந்து புறப்பட்டது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான காந்தச் சூழலை ஆராய்வதற்கான கிளஸ்டர் எனப்படும் நான்கு செய்மதிகள் அதில் இருந்தன. புறப்பட்டு 40 விநாடிகள் கூட நிறைவடைவதற்கு முன்னர் ரொக்கெட் பாதை மாறிச் சிதறியது. நான்கு செய்மதிகளும் அழிந்தன.

கணிதவியலாளர் ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு ஒன்றரை மாதத்துக்குள் தனது அறிக்கையை வெளியிட்டது. அந்த அறிக்கை இன்றும் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. ரொக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பதைக் கணிக்கும் கருவியின் மென்பொருள், முந்திய ஏரியான் 4 ரொக்கெட்டிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அதில் ஒரு பெரிய எண்ணை 16 பிட் அளவுள்ள சிறிய இடத்துக்குள் அடக்க வேண்டிய ஒரு கட்டம் இருந்தது. அந்த இடத்தில் 32,767 க்கு மேற்பட்ட எண் அடங்காது. ஏரியான் 4 இன் பாதையில் அந்த எல்லை ஒருபோதும் தாண்டப்படமாட்டாது. ஏரியான் 5 இன் பாதை வேறு. அதன் கிடைவேகம் புறப்பட்ட சில விநாடிகளிலேயே மிகவும் அதிகமானது. எண் இடத்தில் அடங்கவில்லை. கருவி செயலிழந்தது. மாற்றுக்கென்று வைக்கப்பட்டிருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருளே இருந்தபடியால் அதுவும் அதே காரணத்தினால் செயலிழந்தது.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பிழை நிகழ்ந்த அந்தக் கணிப்பு, ரொக்கெட் தரையை விட்டு எழுந்த பின்னர் எந்தப் பிரயோசனமும் இல்லாதது. ஏவுதலுக்கான இறங்குமுக எண்ணிக்கை கடைசி விநாடிகளில் இடைநிறுத்தப்பட்டால், மீண்டும் விரைவாக ஆரம்பிப்பதற்கு உதவியாகப் பழைய ரொக்கெட்டுகளுக்கென்று சேர்க்கப்பட்ட வசதி அது. புதிய ரொக்கெட்டுக்கு அது தேவைப்படவில்லை. ஆயினும், நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் ஒன்றை ஏன் தொட வேண்டும் என்ற எண்ணத்தில் அது விட்டுவைக்கப்பட்டது.

ஏரியான் 5 க்கு ஒத்திகை நடத்தப்படவில்லையா? நடத்தப்பட்டது. ஆனால், முழுப் பயணத்தையும் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது அந்தக் குறிப்பிட்ட கருவி உள்ளே சேர்க்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, அந்தக் கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள் வைக்கப்பட்டது. கருவி ஏற்கனவே தனியாகப் பரீட்சிக்கப்பட்டுத் தகுதி பெற்றுவிட்டது என்பதே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்தத் தனிப் பரீட்சையிலும் ஏரியான் 5 இன் பாதை பயன்படுத்தப்படவில்லை. விபத்துக்குப் பின்னர், உண்மையான பயணத்தின் தரவுகளைக் கொடுத்து அதே மென்பொருளைத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். நடந்தது நடந்தபடியே மீண்டும் நடந்தது. அதாவது, விபத்தைக் காட்டித்தரக்கூடிய ஒத்திகை விபத்துக்கு முன்னரே சாத்தியமாக இருந்தது. அது நடத்தப்படவில்லை என்பதே உண்மை.

அழிந்த செய்மதிகளுக்குப் பதிலாகச் செய்யப்பட்ட நான்கு செய்மதிகளும் 2000 ஆம் ஆண்டில் கஸக்ஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து ரஷ்ய சோயுஸ் ரொக்கெட்டுகளில் அனுப்பப்பட்டன. அறிவியலாளர்கள் நான்கு வருடங்களை இழந்தார்கள். எவரும் உயிரிழக்கவில்லை என்பது மாத்திரமே ஆறுதல்.

எல்லைக்கு அப்பால் கேட்கப்பட்ட கேள்வி

2003 ஆம் ஆண்டில் அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. ஜனவரி 16 ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் புளோரிடாவிலிருந்து புறப்பட்டு சுமார் 82 விநாடிகளில், வெளிப்புற எரிபொருள் தாங்கியிலிருந்து பிரிந்த காப்பு நுரைத் துண்டு ஒன்று அதன் இடது சிறகின் முன்விளிம்பைத் தாக்கியது. மறுநாளே அதனைப் படச்சுருளில் பார்த்த பொறியியலாளர்கள் கவலையடைந்தனர். சேதத்தை மதிப்பிடுவதற்குக் கையிலிருந்த கருவிகளில் ஒன்று 'கிரேட்டர்' என்ற பெயருடைய கணினி மாதிரி. சிறிய துண்டுகள் விண்ணோடத்தின் வெப்பக் காப்பு ஓடுகளில் மோதினால் எவ்வளவு ஆழமான குழி ஏற்படும் என்பதைக் கணிப்பதற்காக அது ஆக்கப்பட்டிருந்தது. கொலம்பியாவைத் தாக்கிய துண்டு, அந்த மாதிரி பரீட்சிக்கப்பட்டிருந்த துண்டுகளைவிடக் கன அளவில் சுமார் 400 மடங்கு பெரியது.

மாதிரி தந்த விடை அச்சமூட்டுவதாகவே இருந்தது. காப்பு ஓட்டின் தடிப்பைவிட ஆழமான குழி ஏற்படலாம் என்று அது சொன்னது. ஆனால், இந்த மாதிரி எப்போதும் சேதத்தைக் கூட்டியே சொல்லும் என்ற முன் அனுபவத்தை வைத்து அந்த விடை தள்ளுபடி செய்யப்பட்டது. மாதிரி அதன் எல்லைக்கு வெளியே பயன்படுத்தப்படுகிறது என்ற தகவல், முகாமையாளர்களுக்குக் காட்டப்பட்ட படவில்லைகளில் எங்கோ கீழே சிறிய எழுத்தில் கிடந்தது. சுற்றுவட்டப்பாதையில் வைத்தே விண்ணோடத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று பொறியியலாளர்கள் விடுத்த கோரிக்கைகள் ஏற்கப்படவில்லை. பெப்ரவரி 1 ஆம் திகதி கொலம்பியா வளிமண்டலத்துக்குள் நுழைந்தபோது சிதறியது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் உயிரிழந்தனர்.

ஐந்து மாதங்களின் பின்னர், ஜூலை 7 ஆம் திகதி டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் விசாரணையாளர்கள் ஒரு பரீட்சை நடத்தினார்கள். அதே அளவான நுரைத் துண்டை வாயுத் துப்பாக்கி ஒன்றிலிருந்து உண்மையான சிறகு விளிம்பின் மீது ஏவினார்கள். ஒரு கிலோவுக்கும் குறைவான அந்த நுரை, விளிம்பில் சுமார் 40 சென்றிமீற்றர் அகலமான துளையை உண்டாக்கியது. அதுவரை நுரையினால் இவ்வளவு சேதத்தை ஏற்படுத்த முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வாய் அன்றுடன் அடைபட்டது.

கணினி மாதிரி என்பது அளந்து பார்த்தவற்றின் தொகுப்பு. அளந்து பார்த்த எல்லைக்குள் அது சாட்சி; அந்த எல்லைக்கு வெளியே அது ஊகம். இந்த வேறுபாட்டை மாதிரியே எமக்குச் சொல்லாது. சரியான கேள்விக்கும் தகாத கேள்விக்கும் அது ஒரே தோரணையில், தசம தானம் பிசகாமல் விடை தரும். அந்த விடையின் கீழே, இது எல்லைக்கு வெளியே பெறப்பட்டது என்று பெரிய எழுத்தில் எழுதுகின்ற கடமை மனிதர்களுடையது.

ஏவுதளத்துக்கும் இது பொருந்தும். 2023 ஏப்ரல் 20 ஆம் திகதி டெக்சாஸ் கடற்கரையிலிருந்து ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் முதற்தடவையாக முழு வடிவில் புறப்பட்டபோது, எஞ்சின்களின் உந்துதலில் ஏவுமேடையின் கீழிருந்த கொங்கிறீற் தளம் பெயர்ந்து, துண்டுகள் கடல்வரை பறந்தன. மேடையின் கீழே பெரும் பள்ளம் ஏற்பட்டது. பல கிலோமீற்றர் தொலைவிலிருந்த போர்ட் இசபெல் நகரின் மீது மணல் துகள்கள் படிந்தன. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் 31 எஞ்சின்களை ஏறத்தாழ அரைவாசி உந்துதலில் இயக்கிப் பார்த்த பரீட்சையின் தரவுகளை வைத்து, தளம் ஒரு பயணத்தைத் தாங்கும் என்று கணித்திருந்ததாகவும், அந்தக் கணிப்புத் தவறாகிவிட்டதாகவும் நிறுவனத்தின் தலைவர் இலோன் மஸ்க் பின்னர் ஒப்புக்கொண்டார். நீரினால் குளிரூட்டப்படும் உருக்குத் தகடு ஒன்று அப்போதே தயாராகிக்கொண்டிருந்தது. அது வந்து சேரும் வரை காத்திருக்கவில்லை. அதே வருடம் நவம்பரில் அந்தத் தகட்டைப் பொருத்தி ஏவியபோது தளம் நிலைத்து நின்றது.

துண்டு துண்டான ஒத்திகை

மூன்றாவது உதாரணம் போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர். 2019 டிசம்பர் 20 ஆம் திகதி ஆட்கள் இன்றிப் புறப்பட்ட இந்த விண்கலம், ரொக்கெட்டிலிருந்து பிரிந்தவுடன் தடுமாறத் தொடங்கியது. பயணத்தின் நேரத்தைக் காட்டும் அதன் கடிகாரம் 11 மணித்தியாலங்கள் பிசகியிருந்தது. தன்னை ஏற்றிச் சென்ற அட்லஸ் ரொக்கெட்டிடமிருந்து நேரத்தைப் பெற வேண்டிய தருணத்துக்கு மிகவும் முன்னரே அது நேரத்தைப் பெற்றுக்கொண்டதே காரணம். தான் பயணத்தின் வேறொரு கட்டத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்ட கலம், சிறிய உந்திகளை அளவுக்கு மீறி இயக்கி எரிபொருளைச் செலவழித்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தைச் சென்றடைய முடியாமல், இரண்டு நாட்களில் நியூ மெக்சிக்கோவில் தரையிறக்கப்பட்டது. அந்த இரண்டு நாட்களுக்குள், தரையிறங்குவதற்கு முன்னர் கலத்தின் பின்பகுதியைப் பிரிப்பதற்கான மென்பொருளிலும் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டு, சில மணித்தியாலங்களே எஞ்சியிருந்த நிலையில் திருத்தப்பட்டது. அது கண்டுபிடிக்கப்படாமல் போயிருந்தால், பிரிந்த பகுதி கலத்தின் மீதே மோதியிருக்கக்கூடிய ஆபத்து இருந்தது.

இத்தனைக்கும் அந்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒத்திகை பார்க்கப்பட்டிருந்தது. புறப்படுவதிலிருந்து பிரிவது வரை ஒரு துண்டு. அதற்குப் பின்னர் இன்னொரு துண்டு. ஒவ்வொரு துண்டும் நன்றாகவே முடிந்தது. புறப்படுவதிலிருந்து நிலையத்துடன் இணைவது வரை ஒரே ஓட்டமாக நடத்திப் பார்ப்பதற்கு 25 மணித்தியாலங்களுக்கு மேல் தேவைப்படும் என்பதால், துண்டுகளாகப் பிரிப்பதே பொருத்தமானது என்று கருதப்பட்டதாக நிறுவனத்தின் சார்பில் பின்னர் விளக்கமளிக்கப்பட்டது. ஒரு துண்டின் முடிவில் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல், அடுத்த துண்டின் ஆரம்பத்தில் சரியான நேரத்தைக் கையால் கொடுத்துவிட்டால், கடிகாரத்தின் பிழை எங்கே தெரியவரும்?

பயணத்தை மீண்டும் நடத்துவதற்கென்று போயிங் 41 கோடி டொலரை ஒதுக்க வேண்டியிருந்தது. மீள்பயணம் 2022 மே மாதத்தில்தான் சாத்தியமானது. 25 மணித்தியாலங்களை மீதப்படுத்தப் போய் இரண்டு வருடங்களுக்கு மேல் இழந்ததைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

தோற்பதற்கென்றே நடத்தப்பட்ட ஒத்திகைகள்

இவற்றை வாசித்துவிட்டு, கணினி ஒத்திகைகளில் நம்பிக்கை வைப்பது வீண் என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடக்கூடாது. நல்ல ஒத்திகை எப்படி இருக்கும் என்பதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது.

1969 ஜூலை 20 ஆம் திகதி அப்பலோ 11 இன் இறங்குகலம் சந்திரனை நெருங்கிக்கொண்டிருந்தபோது, அதன் கணினி 1202 என்ற எச்சரிக்கை இலக்கத்தைக் காட்டியது. நீல் ஆம்ஸ்ட்ரோங்கிற்கோ பஸ் ஓல்ட்ரினுக்கோ அதன் பொருள் தெரியவில்லை. ஹூஸ்டனில் அந்தக் கணினிக்குப் பொறுப்பாயிருந்த ஸ்டீவ் பேல்ஸுக்கு வயது 26. பயணத்தைத் தொடரலாம் என்று அவர் விநாடிகளுக்குள் முடிவு சொன்னார். அவர் சரியாகச் சொன்னதற்குக் காரணம், புறப்படுவதற்குச் சிறிது காலத்துக்கு முன்னர் நடந்த ஒத்திகையில் அவர் பிழையாகச் சொல்லியிருந்ததுதான். ஒத்திகைகளை நடத்திய ரிச்சர்ட் கூஸின் குழு, அத்தகைய எச்சரிக்கை ஒன்றை வேண்டுமென்றே புகுத்தியது. பேல்ஸ் பயணத்தைக் கைவிடுமாறு பணித்தார். கைவிட்டிருக்கத் தேவையில்லை என்று ஒத்திகைக்குப் பின்னர் அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. இயக்குநர் ஜீன் கிரான்ஸ், சாத்தியமான எல்லா எச்சரிக்கைகளையும் ஆராய்ந்து வைக்குமாறு உத்தரவிட்டார். ஜாக் கார்மன் என்ற இளம் பொறியியலாளர் கையால் எழுதிவைத்த அந்தப் பட்டியலே சந்திரனுக்கு மேலே சில ஆயிரம் மீற்றர் உயரத்தில் பயன்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. கூஸின் குழுவினருடைய வேலை, பயணம் தயார் என்று நிரூபிப்பதல்ல. தயாரில்லாத இடம் எது என்று தேடுவதே அவர்களுடைய வேலை. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களைத் தோற்கடிப்பதற்காகவே அவர்கள் சம்பளம் பெற்றார்கள். தோற்றவர்கள் தண்டிக்கப்படவுமில்லை, பேல்ஸ் தனது ஆசனத்திலேயே இருந்தார்.

அண்மைக்கால உதாரணமாக இந்தியாவின் அனுபவத்தைச் சொல்லலாம். 2019 செப்டெம்பர் 7 ஆம் திகதி அதிகாலையில் சந்திரயான் 2 இன் விக்ரம் இறங்குகலம் சந்திரனில் மோதி அழிந்தது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடிய உந்துதலைத் தந்தன. கலம் தன்னை வேகமாகத் திருப்பிக்கொள்வதற்கு மென்பொருளில் வரம்பு இருந்தது. இறங்குவதற்கென்று குறிக்கப்பட்ட இடமோ 500 மீற்றருக்கு 500 மீற்றர் என்ற சிறிய சதுரம். அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ்.சோமநாத் 2023 இல் இந்தக் காரணங்களைப் பகிரங்கமாக விளக்கியபோது, அடுத்த கலம் எவையெல்லாம் பிழைக்கக்கூடும் என்பதை அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டதாகக் கூறினார். உணரி பழுதானால், எஞ்சின் ஒன்று நின்றால், கணிப்புப் பிழைத்தால் என்று ஒவ்வொரு தோல்வியும் முன்கூட்டியே கற்பனை செய்யப்பட்டது. இறங்கும் பரப்பு 4 கிலோமீற்றருக்கு 2.4 கிலோமீற்றர் என்று விரிவாக்கப்பட்டது.

கணினியுடன் மாத்திரம் அவர்கள் நின்றுவிடவும் இல்லை. உணரிகளை ஹெலிகொப்டரில் கட்டிப் பறந்து பார்த்தார்கள். எஞ்சின்களுடன் கூடிய மாதிரியைப் பாரந்தூக்கியில் தொங்கவிட்டு இயக்கினார்கள். கால்களைச் செயற்கைச் சந்திர மண்ணின் மீது போட்டுப் பார்த்தார்கள். இத்தகைய பரீட்சைகளுக்கான மண், தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கும் அனோர்த்தோசைட் பாறையிலிருந்து தயாரிக்கப்பட்டது. திட்டப் பணிப்பாளர் ப.வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். இவை எமக்குப் பெருமை தருகின்ற விடயங்களே. ஆனால், 2023 ஓகஸ்ட் 23 ஆம் திகதி கிடைத்த வெற்றியில் நாம் படிக்க வேண்டியது ஊர்ப் பெருமையை அல்ல. தோல்வியை மறைக்காமல் அக்கக்காகப் பிரித்துப் பார்த்த நிறுவனம் ஒன்று நான்கு வருடங்களில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையே.

அதே வருடம் ஏப்ரல் மாதத்தில், ஜப்பானின் ஐஸ்பேஸ் என்ற தனியார் நிறுவனத்தின் இறங்குகலம் சந்திரனில் விழுந்து நொறுங்கியது. அதன் கதை இதற்கு நேர்மாறானது. இறங்கும் இடம் வடிவமைப்பின் பிற்பட்ட கட்டத்தில் மாற்றப்பட்டது. புதிய இடத்தின் பாதையில் சுமார் 3 கிலோமீற்றர் உயரமான பள்ள விளிம்பு ஒன்று இருந்தது. அதனைக் கடந்தபோது உயரமானி காட்டிய திடீர் மாற்றத்தை, இது கருவியின் பழுது என்று மென்பொருள் ஒதுக்கித் தள்ளியது. தரையைத் தொட்டுவிட்டதாக நினைத்த கலம் உண்மையில் 5 கிலோமீற்றர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. எரிபொருள் தீர்ந்ததும் விழுந்தது. முன்னர் நடத்திய ஒத்திகைகள் புதிய இடத்தின் நிலவமைப்பைப் போதியளவு உள்ளடக்கவில்லை என்பதை நிறுவனமே ஏற்றுக்கொண்டது. இடம் மாறினால் ஒத்திகையும் புதிதாகத் தொடங்கப்பட வேண்டும் என்பது ஒரு சாதாரண மேடை நாடகக்காரருக்கும் தெரிந்த விடயம்.

பறந்து பார்ப்பதே பரீட்சையா?

இதற்கு ஒரு பதில்வாதம் உண்டு. எல்லாவற்றையும் கணினியில் தேடிக்கொண்டிருந்தால் காலம் போய்விடும். ஏவிப் பார், உடைந்தால் திருத்து, மீண்டும் ஏவு என்பதே விரைவான வழி என்று ஸ்பேஸ் எக்ஸ் போன்ற நிறுவனங்களின் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். இந்த வாதத்தை இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. கணினிக்குள் அகப்படாதவை பல இருக்கின்றன. 2022 இல் நாசாவின் ஆர்டெமிஸ் 1 பயணத்துக்கு முன்னர் கென்னடி விண்வெளி நிலையத்தின் ஏவு அறையில் இறங்குமுக எண்ணிக்கை எத்தனையோ தடவைகள் ஒத்திகை பார்க்கப்பட்டது. ஆயினும், திரவ ஐதரசன் கசியும் என்பது உண்மையான தாங்கியில் உண்மையான எரிபொருளை நிரப்பிய ஏப்ரல் மாத ஒத்திகையில்தான் தெரியவந்தது. ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் ஏவுதல் பிற்போடப்பட்டது. இறுதியில் நவம்பர் 16 ஆம் திகதி புறப்படுவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்னர், எரிபொருள் நிரம்பிய ரொக்கெட்டின் அடிக்கு மூன்று தொழிலாளர்கள் சென்று கசிந்த வால்வின் ஆணிகளை இறுக்க வேண்டியிருந்தது. எந்தக் கணினியாலும் அந்த ஆணியை இறுக்க முடியாது.

எனினும், உடைத்துப் பார்க்கும் வழி ஆளில்லாக் கலத்துக்கும் ஆளில்லாக் கடற்கரைக்கும் மாத்திரமே பொருந்தும். ஸ்டார்ஷிப்பின் முதற்பயணத்தில் மணல் படிந்த நகரத்து மக்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. மனிதர்கள் ஏறுகின்ற கலமாயின் உடைத்துப் பார்க்கும் உரிமை யாருக்குமில்லை. 2024 ஜூன் மாதத்தில் ஸ்டார்லைனரில் சென்ற சுனிதா வில்லியம்ஸும் பட்ச் வில்மோரும், உந்திகளின் கோளாறு காரணமாக அதே கலத்தில் திரும்ப முடியாமல், ஒன்பது மாதங்களின் பின்னர் 2025 மார்ச்சில் வேறொரு கலத்தில் வந்து சேர்ந்தார்கள். கலத்தை ஆளின்றித் திருப்பி அழைக்கும் முடிவு எடுக்கப்பட்டதை நான் ஒரு தோல்வியாகக் கருதவில்லை. சந்தேகத்தை அளந்து தீர்க்க முடியாதபோது அதனைச் சந்தேகமாகவே ஏற்றுக்கொள்ளும் துணிவு 2003 இல் இருக்கவில்லை. 2024 இல் இருந்தது. அந்த வேறுபாட்டின் விலை இரண்டு உயிர்களாக இருந்திருக்கக்கூடும்.

கேட்க வேண்டியவை

இன்று விண்வெளி ஏவுதல்கள் அரசாங்கங்களின் கையிலிருந்து தனியார் நிறுவனங்களின் கைகளுக்கு வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன. கணினிகளின் வலு பெருகப் பெருக, உண்மையான பரீட்சைகளைக் குறைத்துக் கணினிக்குள்ளேயே காரியத்தை முடித்துவிடலாம் என்ற ஆசையும் பெருகும். கணக்காளர்களுக்கு அந்த ஆசை மிகவும் பிடிக்கும். திரையில் தோன்றும் படங்கள் உண்மையைப் போலவே இருப்பதால் பார்ப்பவர்களுக்கும் அது பிடிக்கும். ஆகவேதான் சில விடயங்கள் நிபந்தனைகளாகவே விதிக்கப்பட வேண்டும்.

முதலாவது, எந்தக் கருவி உண்மையாகப் பறக்கப் போகிறதோ அந்தக் கருவியே, அது பறக்கப் போகின்ற பாதையிலேயே ஒத்திகையில் இருக்க வேண்டும். இரண்டாவது, ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டமாக ஒரு தடவையாவது ஒத்திகை நடத்தப்பட வேண்டும். அதற்கான காலமும் பணமும் வெட்டப்படக்கூடாத செலவாகக் கருதப்பட வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு மாதிரியும் எந்த எல்லைக்குள் பரீட்சிக்கப்பட்டது என்பது அதன் விடையுடன் சேர்த்தே எழுதப்பட வேண்டும். நான்காவது, ஒத்திகையை நடத்துபவர்கள் ஏவும் திகதிக்குப் பொறுப்பானவர்களுக்குக் கீழே பணியாற்றக்கூடாது. பிழை கண்டுபிடிப்பது ஒருவருடைய வேலையாகவும், அதனைக் கண்டுபிடித்ததற்காகப் பதவியுயர்வு பறிபோவது அவருடைய விதியாகவும் இருந்தால், பிழைகள் கண்டுபிடிக்கப்படமாட்டா.

ஐந்தாவது நிபந்தனை எங்களைப் போன்ற பத்திரிகையாளர்களுக்கும் வாசகர்களுக்கும் உரியது. ஒத்திகைகள் யாவும் வெற்றிகரமாக முடிந்தன என்று ஒரு நிறுவனம் அறிக்கை விடும்போது, அதனைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அச்சிட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அந்த இடத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வி, ஒத்திகையில் எத்தனை தடவைகள் தோற்றீர்கள், தோற்றபோது எதனை மாற்றினீர்கள் என்பதே. ஒரு தடவையும் தோற்கவில்லை என்று பதில் வருமாயின், அதனை நற்செய்தியாகக் கொள்வதற்கில்லை. போதியளவு தேடப்படவில்லை என்பதற்கான முதல் அறிகுறியாகவே அதனைக் கொள்ள வேண்டும்.